நெடும்பாறை அணையில் ஊதாத சங்கு

நெடும்பாறை அணையில் அன்று சங்கு ஏன் ஊதவில்லை என்ற ஒரே கேள்விக்குப் பதில் எழுதிவர என்னை அனுப்பினார்கள். நான் மேற்பார்வைப் பொறியாளர், பெயர் செண்பகவல்லி. இதற்கு முன் இப்படி மூன்று விசாரணைகள் செய்திருக்கிறேன். வழக்கமாக ஒரு வாரத்தில் பதில் கிடைத்துவிடும். பணியில் இருந்தவர் குடித்திருப்பார், இல்லாவிட்டால் பணியிலேயே இருந்திருக்க மாட்டார். நெடும்பாறையில் ஆள் இருந்தார். குடிக்கவில்லை, தூங்கவும் இல்லை. நாற்காலியில் நேராக உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அவர் பெயர் இசக்கியப்பன். நாற்பத்தாறு வயது. அணையின் கட்டுப்பாட்டு அறையில் பதினெட்டு வருடமாக வேலை.

அந்த அறையில் மனிதருக்கு இப்போது பெரிய வேலை எதுவும் கிடையாது. மழையையும் நீர்வரத்தையும் பார்த்துக் கணினியே மதகைத் திறக்கும், மூடும். மதகு திறப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் திரையில் மஞ்சள் விளக்கு எரியும். கீழே இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஆற்றின் குறுக்கே ஒரு தரைப்பாலம் இருக்கிறது. அதைக் காட்டும் கேமராவைப் பார்த்து, யாராவது இருந்தால் சங்கை ஊத வேண்டும். இதையும் கணினியிடமே விட்டுவிடலாம் என்று துறை சொன்னபோது நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. உயிருக்குப் பொறுப்பாக ஒரு மனிதர் இருந்தாக வேண்டும் என்றது. எனவே ஒரு மனிதர் இருந்தார்.

மனிதர் இருந்ததில் வேறொரு சிக்கல் வந்தது. பதற்றம். மாடு நின்றால் சங்கு, சாக்கு மிதந்தால் சங்கு, மேகத்தின் நிழல் பாலத்தில் விழுந்தால் சங்கு. ஒரே வருடத்தில் அறுபத்தோரு முறை சும்மா ஊதினார்கள். பாலத்துக்குப் பக்கத்து ஊரான ஓடைக்கரைப்பட்டிக்காரர்கள் சங்குச் சத்தம் கேட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அப்போதுதான் துறை வில்லையைக் கொண்டுவந்தது.

வில்லை என்பது காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைக்கிற, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய தகடு. மூளையில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் பகுதியை அது மெல்ல அடக்கும். அதற்குத் துறையின் ஆணையில் நீளமான பெயர் உண்டு. நோக்கம் என்ற இடத்தில், ‘பணியாளரிடம் உள்ளமைதியையும் பிரபஞ்சத்தோடு ஒன்றிய உணர்வையும் வளர்த்தல்’ என்று போட்டிருந்தார்கள். வில்லை வந்தபின் மூன்று வருடம் நெடும்பாறையில் ஒரு பொய்ச் சங்குகூட ஊதவில்லை. துறை கேடயம் கொடுத்தது. நான் போனபோது அது கட்டுப்பாட்டு அறையிலேயே மாட்டியிருந்தது.

நான்காவது வருடம், ஐப்பசியில் ஒரு பிற்பகல் மூன்று நாற்பதுக்கு மஞ்சள் விளக்கு எரிந்தது. பாலத்தின் நடுவில் ஒரு மொபெட் நின்றுபோயிருந்தது. அதில் கசமுத்து என்பவரும் அவருடைய ஒன்பது வயது மகள் பொன்மலரும் இருந்தார்கள். மூன்று ஐம்பதுக்கு மதகு திறந்தது. மூன்று ஐம்பத்தாறுக்குத் தண்ணீர் பாலத்தைத் தொட்டது. இதெல்லாம் பதிவில் இருக்கிறது. நான் எட்டு முறை பார்த்தேன்.

இசக்கியப்பன் என்னை வரவேற்று நாற்காலி இழுத்துப் போட்டார். மின்விசிறி காற்று என்மேல் வருகிறதா என்று பார்த்தார்.

“மஞ்சள் விளக்கு எரிஞ்சதைப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன்.

“பாத்தேன் மேடம்.”

“பாலத்துல வண்டி நின்னதை?”

“அதையும் பாத்தேன். அவரு இறங்கி உதைச்சுக்கிட்டு இருந்தாரு. பிள்ளை பின்னால உக்காந்து காலை ஆட்டிக்கிட்டு இருந்துச்சு.”

“சங்கு ஊதணும்னு தெரியும்தானே?”

“தெரியும் மேடம்.”

“அப்புறம்?”

அவர் யோசித்தார். சாக்குத் தேடுகிறவர் முகம் எனக்குத் தெரியும். இது அந்த முகமல்ல. கணக்கு வாத்தியார் கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்ல நினைக்கிற மாணவனைப் போல இருந்தார்.

“தெரிஞ்சதுக்கும் கைக்கும் நடுவுல ஒண்ணு இருக்கும்லா மேடம். நெஞ்சுல ஒரு அடி அடிக்கும். அது அடிச்சாத்தான் கை எந்திரிக்கும். அது வரட்டும்னு இருந்தேன். வரல்ல.”

“பதினாறு நிமிஷம் இருந்தீங்க.”

“ஆமா மேடம்.”

“அந்தப் பதினாறு நிமிஷமும் மனசுல என்னதான் இருந்துச்சு?”

“நிறைவா இருந்துச்சு” என்றார். “மலை மேல மேகம் இறங்கிக்கிட்டு இருந்துச்சு. தண்ணி அணைக்குள்ள வாரது எனக்குள்ளயே வார மாதிரி இருந்துச்சு. நான் வேற, மழை வேற, பாலத்துல நிக்கிறவரு வேறன்னு தோணல்ல. எல்லாம் ஒரே இருப்பு. அதுல எதுவும் குறையப்போறதில்லன்னு தெரிஞ்சுது.”

நான் பன்னிரண்டு வருடமாகக் காலையில் அரை மணி நேரம் பாயை விரித்துக் கண்ணை மூடி உட்காருகிறேன். இதுவரை எனக்குக் கிடைத்தது அன்றைக்கு வாங்க வேண்டிய காய்கறிகளின் பட்டியல்தான். நான் தேடிக்கொண்டிருந்த இடத்தில் இந்த மனிதர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அறிக்கையில் அதற்கு இடமில்லை.

“அவங்க ரெண்டு பேரும் இறந்துட்டாங்க, இசக்கியப்பன்.”

“ஆமா மேடம். ரொம்ப வருத்தமான விஷயம்.”

சொன்ன சொற்களில் ஒரு பிழையும் இல்லை. யாரோ அச்சடித்துக் கொடுத்ததை வாசித்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

அவர் மனைவி பேச்சித்தாயை அணைக் குடியிருப்பில் போய்ப் பார்த்தேன். வில்லைக்கு முந்தைய இசக்கியப்பனைப் பற்றிக் கேட்டேன்.

“பயந்தாங்கொள்ளி மேடம்” என்றார். “நான் இருமினா ராஜபாளையத்துல பெரிய டாக்டரு யாருன்னு விசாரிப்பாவ. மழை பேஞ்சா சோறு இறங்காது. எதுக்கெடுத்தாலும் சண்டை. எப்பப்பா இந்த மனுசன் அடங்குவாருன்னு இருந்துச்சு. வில்லைய வச்சு ஒரு வாரத்துல அடங்கிட்டாவ. எங்க மாமியார் செத்தன்னைக்கு, அழுதவங்களுக்கெல்லாம் அவியதான் காப்பி ஊத்திக் குடுத்தாவ. கெட்டியான ஆளுன்னு ஊரே சொல்லிச்சு.”

“உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தார். “எனக்குப் போன வருசம் கட்டி வந்துச்சு மேடம். ஆபரேசன். தியேட்டருக்குள்ள போகையில திரும்பிப் பாத்தேன். அவிய சிரிச்சாவ. நல்ல சிரிப்புதான். எனக்கு அப்பதான் பயம் வந்துச்சு.”

மறுநாள் பயணியர் விடுதியில் கசமுத்துவின் மனைவி முப்பிடாதி விசாரணைக்கு வந்தார். முப்பத்தொரு வயது, பீடி சுற்றுகிறவர். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. அதற்குப் பெயர் வேணி. முப்பிடாதி அழவில்லை. அழுது முடித்தவரின் முகமும் அல்ல. எந்த நிமிடத்திலும் தொடங்கிவிடும் என்று தெரிந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இசக்கியப்பனைப் பார்க்க வேண்டும் என்றார். அழைத்தேன். அவர் வந்து கைகூப்பி, “உங்க இழப்புக்கு வருந்துதேன்மா” என்றார்.

முப்பிடாதி அவரை ஏற இறங்கப் பார்த்தார். காதின் பின்னால் இருந்த சிறிய தழும்பைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“யம்மா, இவரை ஜெயில்ல போட வேண்டாம். போட்டாலும் அங்க போயி இப்படித்தான் உக்காந்திருப்பாரு. அந்த வில்லைய எடுத்துருங்க.”

“எடுத்தா உங்களுக்கு என்ன கிடைக்கும், முப்பிடாதி?”

“எனக்கு என்ன கிடைக்கும்? ஒண்ணும் கிடைக்காது. எனக்கு எப்படி இருக்குன்னு இந்த ஊர்ல இன்னொரு ஆளுக்குத் தெரிஞ்சிருக்கணும்மா. ஒத்தையில முடியல்ல.”

வில்லையை எடுப்பதைத் தண்டனையாக விதிக்கச் சட்டத்தில் வழியில்லை. அவரே சம்மதித்தால் எடுக்கலாம். இதைப் பற்றிப் பேச, திருநெல்வேலியில் வில்லைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் ஜெபராணியிடம் போனேன். என் வயதுதான் இருக்கும். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“அவர் சம்மதிப்பார். எதைக் கேட்டாலும் சம்மதிப்பார்” என்றார். “பயப்பட முடியாத ஒருத்தர் கொடுக்கிற சம்மதத்தை நான் சம்மதமா எடுத்துக்கலாமா? அதை நீங்கதான் சொல்லணும்.”

“அவருக்கு இப்ப இருக்கிற அமைதி பொய்யா டாக்டர்?”

“பொய்யில்லை. ஸ்கேன்ல பார்த்தா, காலமெல்லாம் தியானத்துல இருந்தவங்களுக்கு வர்ற அதே படம். ஆனா அவங்க இருபது முப்பது வருஷம் நடந்து அந்த இடத்துக்குப் போனாங்க. வழியில யார் பசியில இருக்காங்க, யார் அழறாங்கன்னு பார்த்துக்கிட்டே போனாங்க. அதுவும் அவங்களோட சேர்ந்து மேல வந்துடுச்சு. நாம இவரை லிஃப்ட்ல ஏத்தி மேல விட்டுட்டோம். கீழே என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியும். தெரியறது மட்டும்தான் இருக்கு.”

“எடுத்தா?”

“மூணு வருஷமா வராதது எல்லாம் வரும். ஒவ்வொண்ணா வருமா, மொத்தமா வருமான்னு எனக்குத் தெரியாது. வராமலே போகவும் வாய்ப்பு இருக்கு.”

இசக்கியப்பனிடம் நானே கேட்டேன். எடுத்தால் என்ன ஆகும் என்று தெரியுமா என்றேன்.

“டாக்டரம்மா சொன்னாங்க. அந்தப் பிள்ளை நெனப்பு வந்து என்னைய ஆட்டி வைக்குமாம்.”

“பயமா இல்லையா?”

“இல்ல மேடம்.” என்மேல் இரக்கப்பட்டவர்போல் லேசாகச் சிரித்தார். “அது இருந்தா எடுக்கவே வேண்டியதில்லையே.”

படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். காரணம் என்ற இடத்தில், ‘மருத்துவ மறுபரிசீலனை’ என்று எழுதினேன். உண்மையான காரணம், அந்தச் சிரிப்பை அவர் முகத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று முப்பிடாதிக்கு இருந்த அளவுக்கு எனக்கும் இருந்தது.

எடுப்பதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. பிறகு பதினோரு நாள் எதுவும் நடக்கவில்லை. தினமும் தொலைபேசியில் விசாரித்தேன். சாப்பிடுகிறார், தூங்குகிறார், மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்றார் பேச்சித்தாய். மூளைக்கு அது பழகிப்போயிருக்கலாம், இனி வில்லை தேவைப்படாமலே அப்படி இருந்துவிடலாம் என்றார் டாக்டர் ஜெபராணி. இடைக்கால அறிக்கையை இரண்டாம் நாளே அனுப்பியிருந்தேன்; இனி மதுரைக்குத் திரும்பலாம் என்று துணிகளை எடுத்துவைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் மதியம் பேச்சித்தாய் கூப்பிட்டார். பின்னால் யாரோ கத்துவது கேட்டது.

“குக்கர் விசில் அடிச்சுது மேடம்” என்றார். “அடிச்ச உடனே இவிய எந்திரிச்சுத் தெருவுக்கு ஓடிட்டாவ. ஏறுங்க, கரைக்கு ஏறுங்கன்னு போறவன் வாரவனையெல்லாம் பிடிச்சு இழுக்காவ. நாலு பேரு பிடிச்சும் நிக்கல்ல.”

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டுக்குள் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தொண்டை கட்டியிருந்தது. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பச்சைப் பாவாடை மேடம்” என்றார். “காலை ஆட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். பதினாறு நிமிசம். ஒரு இழுப்பு மேடம். சங்குப் பிடி கைக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சு.”

பேச்சித்தாய் அவர் தலையை மடியில் சாய்த்துக்கொண்டார். “எப்படியாவது பழைய மனுசனாத் திரும்பி வரணும்னு வேண்டிக்கிட்டு இருந்தேன்” என்று என்னிடம் சொன்னார். “இப்படி வருவாவன்னு நெனைக்கல்ல.”

மூன்று நாள் அவர் சாப்பிடவில்லை. டாக்டர் ஜெபராணி வந்து பார்த்து, வேண்டுமானால் வில்லையை மறுபடி வைத்துவிடலாம் என்றார். இசக்கியப்பன் காதைக் கையால் பொத்திக்கொண்டார்.

“வேண்டாம். நான் அந்தம்மாவப் பாக்கணும். காலுல விழணும். என்ன வேணும்னாலும் பேசட்டும், அடிக்கட்டும். அதுக்குத்தானே கேட்டாங்க.”

நான்காம் நாள் அவரை ஜீப்பில் ஓடைக்கரைப்பட்டிக்கு அழைத்துப் போனேன். சாயங்காலம் நான்கு மணி இருக்கும். முப்பிடாதியின் வீடு நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். வேணி பக்கத்தில் புளியங்கொட்டைகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

இசக்கியப்பன் ஜீப்பிலிருந்து இறங்கினார். நாலு எட்டு நடந்து, அப்படியே தரையில் விழுந்தார். நெற்றி மண்ணில் பட அழுதார். ஒரு ஆண் அப்படி அழுது நான் கேட்டதில்லை. அடுத்த வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

முப்பிடாதி சுற்றிக்கொண்டிருந்த பீடியை முடித்து, நூலைக் கட்டி, முறத்தில் வைத்தார்.

“எந்திரிங்கண்ணே” என்றார். “மண்ணு சூடா இருக்கும். உள்ள வாங்க. யம்மா, நீங்களும் வாங்க. தண்ணி குடிக்கீங்களா?”

அவர் திரும்பியபோதுதான் பார்த்தேன். காதுக்குப் பின்னால் ஒரு சிறிய பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

“இது எப்ப வச்சாங்க, முப்பிடாதி?”

“எட்டு நாளாச்சும்மா. உங்க ஆபீஸ்ல இருந்துதான் வந்தாங்க. காகிதம்கூட குடுத்தாங்க.” உள்ளே போய்த் தண்ணீர்ச் செம்போடு அதையும் எடுத்துவந்து காட்டினார்.

என் இடைக்கால அறிக்கையின் பதினான்காம் பத்தியை மேற்கோள் காட்டியிருந்தார்கள். ‘பாதிக்கப்பட்ட குடும்பத்தாரின் மன வேதனையைக் குறைக்கத் துறை உரிய நடவடிக்கை எடுக்கலாம்.’ எல்லா அறிக்கையிலும் கடைசியில் நான் எழுதும் வரி அது. நான் சேர்ந்த காலத்தில் என் மேலதிகாரி எழுதினார், நானும் எழுதுகிறேன். இதுவரை அதைப் படித்து யாரும் எதுவும் செய்ததில்லை. இந்த முறை படித்திருக்கிறார்கள்.

“நீங்க சம்மதிச்சீங்களா?”

“ஆமாம்மா. பீடி இலையக் கையில எடுத்தா கை ஓடல்ல. பிள்ளைக்கு ரெண்டு நாளு சோறு குடுக்க மறந்துட்டேன். அதான் சரின்னுட்டேன். இப்ப நல்லாருக்கு. அவியளும் எங்கயும் போகல்ல, பொன்மலரும் எங்கயும் போகல்லன்னு புரியுது. எல்லாம் இங்கதான் இருக்கு.” இசக்கியப்பனைப் பார்த்தார். “நீங்க அழாதீங்கண்ணே. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல.”

இசக்கியப்பன் மண்டியிட்டபடியே அவர் முகத்தைத் தேடினார். “திட்டுங்கம்மா” என்றார். “ஒரு வார்த்தை திட்டுங்க. உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்கு இப்பத் தெரியுது. தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்திருக்கேன்.”

“தண்ணி குடிங்கண்ணே” என்றார் முப்பிடாதி. குரலில் அன்பு இருந்தது. சந்தேகமே இல்லை, அன்புதான்.

அப்போது ஒரு புளியங்கொட்டை உருண்டு சாலைப் பக்கம் போனது. வேணி எழுந்து அதன் பின்னால் போனாள். வளைவில் பேருந்தின் ஹாரன் கேட்டது. நான் முப்பிடாதிக்கு எதிரே நின்றிருந்தேன். அவர் கண்கள் குழந்தையோடு கூடவே போயின. வாசலைத் தாண்டி, மண்ணைத் தாண்டி, தார் தொடங்கும் இடம் வரைக்கும் போயின. பார்த்துக்கொண்டே இருந்தார். செம்பைப் பிடித்த கை அசையவில்லை. எனக்கு வாயைத் திறக்கத்தான் நேரம் இருந்தது.

இசக்கியப்பன் ஓடினார். என்ன கத்தினார் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை, சொல்லாக இல்லை. குழந்தையை வாரிக்கொண்டு சாலையோர முள்ளில் விழுந்தார். பேருந்து நிற்காமல் போனது. கை முழுக்கக் கீறி, வேட்டி கிழிந்து, அவர் எழுந்து வந்தார். வேணி அவர் கழுத்தை இறுக்கிக்கொண்டு வீறிட்டாள்.

“வந்துருவாண்ணே” என்றார் முப்பிடாதி. “எதுக்கு இப்படி ஓடுதீங்க?”

இசக்கியப்பன் குழந்தையைக் கீழே இறக்கவில்லை. இறக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, வாசலுக்கும் சாலைக்கும் நடுவில் போய் உட்கார்ந்தார்.

“நீங்க போங்க மேடம்” என்றார். “நான் இங்க இருக்கேன்.”

முப்பிடாதியின் வில்லையை எடுக்கச் சொல்லி நான் நான்கு கடிதம் எழுதினேன். பயனாளியிடமிருந்து புகார் எதுவும் வரவில்லை என்று நான்குக்கும் ஒரே பதில் வந்தது. டாக்டர் ஜெபராணி நேரில் போய்ப் பேசிப் பார்த்தார். எடுக்க வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றுமில்லை என்றாராம் முப்பிடாதி. அந்தச் சம்மதத்தை வைத்து இன்னொரு முறை கத்தியை எடுக்க டாக்டருக்குக் கை வரவில்லை. எனக்கும் கையெழுத்துப் போட வரவில்லை. போட்டால் என்ன வரும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

இறுதி அறிக்கையில் ‘பணியாளரின் கவனக்குறைவு’ என்று எழுதினேன். படிவத்தில் இருந்த காரணங்களில் அதுதான் பக்கத்தில் வந்தது. பதினான்காம் பத்தியை எழுதவில்லை. இசக்கியப்பனுக்குக் கட்டாய ஓய்வு கொடுத்தார்கள். அவரும் பேச்சித்தாயும் ஓடைக்கரைப்பட்டியில் முப்பிடாதி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடிவந்தார்கள். முப்பிடாதிக்கு ஆட்சேபம் இல்லை. அவருக்கு எதிலும் ஆட்சேபம் இல்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்தேன். சாலையோரம் மூங்கில் வேலி போட்டிருந்தது. பேச்சித்தாயும் முப்பிடாதியும் வாசலில் சேர்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். முப்பிடாதியின் முகம் தெளிந்து, சதை பிடித்து, அழகாக இருந்தது. இசக்கியப்பன் மெலிந்து போயிருந்தார். வேலியில் எந்தக் கட்டு தளர்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேணி ஓடிவந்து, கல் தடுக்கி, என் முன்னாலேயே குப்புற விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவள் அழவில்லை. தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வேலிப் பக்கம் பார்த்தாள். இசக்கியப்பன் பதறி எழுவது தெரிந்ததும் அழ ஆரம்பித்தாள்.